கம்யூனிட்டி காலேஜில் இருந்து பல்கலைக்கழகத்துக்கு மாறிய பிறகும் நல்ல கிரேடு எடுக்க முடியுமா?

முடியும். ஆனால் முதல் பருவத்தில் அடி வாங்காமல் தப்பித்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. நானும் வாங்கினேன், அதனால் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிளஸ் டூ முடித்த கையோடு குடும்பத்தோடு கலிபோர்னியா வந்து, ஒரு கம்யூனிட்டி காலேஜில் (இரண்டாண்டுப் பொதுக் கல்லூரி) படித்துவிட்டு, யூ.சி. என்கிற கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகத்தில் கணிதத்தில் நேராக மூன்றாம் ஆண்டு சேர்ந்தேன். ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு: டிப்ளமோ முடித்துவிட்டு லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் ஆண்டில் போய் உட்காருகிறார்களே, கிட்டத்தட்ட அந்தக் கதைதான். இந்த மாநிலத்தில் இப்படி 116 காலேஜ்கள் இருக்கின்றன. நுழைவுத் தேர்வு கிடையாது. மாநிலவாசிகளுக்கு ஒரு யூனிட்டுக்கு, அதாவது ஒரு கிரெடிட்டுக்கு, 46 டாலர், மாறுவதற்குத் தேவையான 60 யூனிட்டுக்கும் சேர்த்து 2,760 டாலர்தான் கல்விக் கட்டணம். "பரீட்சையே வைக்காம சேத்துக்கிற காலேஜா?" என்று சித்தி போனில் இழுத்தார். கடைசியில் கிடைக்கும் பட்டத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும்தான் இருக்கும் என்று சொன்ன பிறகுதான் குரல் மாறியது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். காலேஜில் எனக்கு நாலுக்கு 3.9 ஜி.பி.ஏ. (எல்லா கிரேடுகளின் சராசரி). யூ.சி.யில் ரியல் அனாலிசிஸ் (கால்குலஸை நிரூபணங்களோடு படிக்கும் பாடம்) முதல் மிட்டெர்மில், அதாவது இடைத்தேர்வில், நூற்றுக்கு 41, வகுப்புச் சராசரியே 58.

முதல் காரணம் வேகம். என் காலேஜில் செமஸ்டர், ஒரு பாடம் நான்கு மாதம் நிதானமாக ஓடும். யூ.சி. வளாகங்களில் பெரும்பாலானவை குவார்ட்டர் முறை: பத்து வாரம் வகுப்பு, பதினோராவது வாரம் இறுதித் தேர்வு, அவ்வளவுதான். முதல் மிட்டெர்ம் மூன்றாவது நான்காவது வாரத்திலேயே வந்துவிடும். பார்க்கிங் எங்கே, எந்தக் கட்டடம் எங்கே என்று நான் தேடி முடிப்பதற்குள் பாடத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது.

இரண்டாவது காரணம் நானேதான். ஸ்டேட் போர்டில் புக் பேக் கேள்விகளைக் கரைத்துக் குடித்து வளர்ந்த ஆள் நான். காலேஜில் கால்குலஸ், லீனியர் அல்ஜீப்ரா எல்லாவற்றிலும் அது செல்லுபடியானது, ஏனென்றால் வீட்டுப்பாடத்தில் போட்ட கணக்கு எண் மாறித் தேர்வில் வரும். மூன்றாம் ஆண்டுக் கணிதத்தில் விடை கண்டுபிடிக்கும் வேலையே பெரும்பாலும் இல்லை, எல்லாம் நிரூபணம். லிமிட்டுக்கான எப்சிலான் டெல்டா வரையறையைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன், அதை வைத்து நாலு வரி நானாக எழுதத் தெரியவில்லை. ரொம்ப நாள் இது என் மூளையின் குறை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். முதலாண்டிலேயே யூ.சி.யில் சேர்ந்தவர்களும் இதே இடத்தில்தான் திணறினார்கள், அவர்களுக்குத் திணற இன்னும் அவகாசம் இருந்தது, அதுதான் வித்தியாசம்.

இந்த அவகாசக் கணக்கை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. காலேஜில் வாங்கிய 3.9 உள்ளே நுழைய மட்டும்தான், யூ.சி. ஜி.பி.ஏ. புதிதாகத் தொடங்கும். முதலாண்டிலிருந்து நாலு வருடம் படிப்பவருக்கு 12 குவார்ட்டர், இரண்டே வருடம் படிக்கும் நமக்கு 6. ஒரு குவார்ட்டர் சொதப்பினால் மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு போச்சு. முதல் குவார்ட்டரில் எனக்கு பி, பி மைனஸ், சி பிளஸ், அதாவது 2.67. அதற்கப்புறம் ஐந்து குவார்ட்டரும் சராசரி 3.7 எடுத்தும் 3.53இல்தான் முடிந்தது.

அந்த முதல் குவார்ட்டரில் நான் செய்த பெரிய தப்பு, மூன்று கனமான கணிதப் பாடங்களை ஒன்றாக எடுத்தது. நம்மை மாதிரி மாறி வருபவர்கள் வரலாறு, ஆங்கிலம் போன்ற பொதுப் பாடங்களை காலேஜிலேயே சமர்த்தாக முடித்துவிடுகிறோம் (எல்லா ஆலோசகரும் அதைத்தான் சொல்வார்கள்), கடைசியில் தட்டில் காரம் மட்டும்தான் மிச்சம். இதற்கு ஒரே வழி, முதல் பருவத்தில் இரண்டு கனமான பாடம், கூட லேசாக ஒரு விருப்பப் பாடம். வேண்டுமென்றே ஒன்றிரண்டு பொதுப் பாடத்தை மிச்சம் வைத்துக்கொண்டு வந்தவர்களைப் பார்த்து நான் பொறாமைப்பட்டிருக்கிறேன், ஆனால் சேர்க்கை நிபந்தனைகள் அதை அனுமதிக்கின்றனவா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

அப்புறம் ஆபீஸ் ஹவர்ஸ், அதாவது சந்தேகம் கேட்க ஆசிரியர்கள் ஒதுக்கி வைக்கும் நேரம். காலேஜில் முப்பது பேர் வகுப்பு, பேராசிரியரே பெயர் சொல்லிக் கூப்பிட்டு "என்ன, முகம் சரியில்லையே" என்பார். இங்கே நாம்தான் போக வேண்டும். 41 வாங்கிய அடுத்த நாள் டி.ஏ. என்கிற கற்பித்தல் உதவியாளரிடம் போய் "எதுவுமே புரியவில்லை" என்றேன். அவர் ஒரு முனைவர் பட்ட மாணவர், என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். "எந்த வரி வரைக்கும் புரிந்தது?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த வாரத்திலிருந்து பாதி எழுதி மாட்டிக்கொண்ட நிரூபணத்தைத் தாளோடு கொண்டுபோனேன், அவர் பேனாவால் ஒரு வரியைச் சுட்டி "இது எங்கிருந்து வந்தது?" என்பார். பெரும்பாலும் அது எங்கிருந்தும் வந்திருக்காது. என் கிரேடு மாறியதில் பாதிக்கு மேல் அந்தப் பேனாவுக்குத்தான் போக வேண்டும்.

கூடப் படிக்க ஆள் பிடிப்பது சிரமம், முதலாண்டிலிருந்தே இருப்பவர்கள் ஏற்கெனவே கூட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். எனக்குக் கிடைத்தவர் முப்பது வயதைத் தாண்டிய முன்னாள் ராணுவ வீரர், அவரும் கம்யூனிட்டி காலேஜ்தான். ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் வெள்ளைப் பலகையில் ஒருவர் எழுத, மற்றவர் சந்தேகப் பிராணியாக நடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அவர் நடிக்கவே தேவையில்லை, பிறவியிலேயே அப்படி.

கடை வேலையை வாரம் 25 மணி நேரத்திலிருந்து 12 ஆகக் குறைத்தேன், கையில் காசு இறுகியது, வேறு வழியில்லை.

செமஸ்டர் முறையில் இருக்கும் பெர்க்லிக்கோ மெர்செட்டுக்கோ போகிறீர்கள் என்றால் வேகம் இவ்வளவு படுத்தாது. நிரூபணம் மட்டும் அங்கேயும் உட்கார்ந்திருக்கும்.