சோலையும் ஷோலாவும்

வணக்கம் ஐயா,

நான் பண்ணைக்காட்டில் பிறந்தவன். கொடைக்கானலில் சுற்றுலா வழிகாட்டியாக இருக்கிறேன். 'பியர் ஷோலா' அருவிக்கு அழைத்துப் போகும்போது வடநாட்டுப் பயணிகள், "ஷோலா என்றால் எங்கள் மொழியில் தீப்பிழம்பு, இங்கே தீ எங்கே?" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். மலைப் புல்வெளிகளுக்கு நடுவே அடர்ந்து நிற்கும் நமது ஷோலாக் காட்டு மரங்களின் கொழுந்து சிவந்து தீயைப் போலத் தெரிவதால், அந்தச் சொல்லே நம்மிடமிருந்துதான் அவர்களுக்குப் போனது என்று சொல்லிவருகிறேன். வெள்ளைக்காரர்கள் ஷோலாவுக்குள் வேட்டைக்குப் போகையில் அணிந்ததால்தான் 'சோலா தொப்பி' என்ற பெயர் வந்தது என்பதும் என் கருத்து. சோழர் என்ற பெயருக்கும் இதற்கும் தொடர்பு உண்டா? பயணிகளிடம் இரண்டு வரியில் சொல்வதற்கு ஒரு விளக்கம் எழுதித் தர வேண்டுகிறேன்.

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் நானும் இதே சொல்லைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மூணாற்றுப் பக்கத்தில் நிகழ்ந்த ஒரு சாவு அதற்குக் காரணம். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் உங்களைத் திட்டிவிடுகிறேன்.

பண்ணைக்காட்டில் பிறந்து, வீட்டுப் பெரியவர்கள் வாயில் 'சோலை' என்றே கேட்டு வளர்ந்த ஒருவர் தம் கடிதம் முழுக்க 'ஷோலா' என்று எழுதலாமா? கரடிச்சோலை என்று சொல்ல நாக்கு வளையாதா? ஆங்கிலேயர் நம்மிடம் அந்தச் சொல்லை வாங்கித் தம் வாய்க்கு ஏற்ப ஷோலா என்றார்கள், அதில் குற்றமில்லை. 1886-இல் யூலும் பர்னலும் வெளியிட்ட ஹாப்சன் ஜாப்சன் அகராதியிலேயே அது தமிழின் சோலை என்று பதிவாகியிருக்கிறது. கடன் வாங்கியவன் கணக்கில் எழுதி வைத்திருக்கிறான், கொடுத்தவனுக்குத்தான் நினைவில்லை. காட்டியல் நூல்களின் வழியாக உலகம் சுற்றிவிட்டு அந்தச் சொல் நம் வாசலுக்கே திரும்பி வந்து நிற்கையில், யாரோ விருந்தாளி என்று எண்ணி 'ஷோலாக் காடுகள்' என்று செய்தித்தாளில் எழுதுகிறோம். திருமுருகாற்றுப்படை 'பழமுதிர் சோலை மலைகிழவோனே' என்று முடிகிறது. கோவைப் பக்கத்துப் பழக்கடைக்காரர்கூட அந்தச் சொல்லைப் பலகையில் பிழையில்லாமல் எழுதி வைத்திருக்கிறார்.

சோழர் பற்றிய கேள்வியை விட்டுவிடுங்கள். அங்கே இருப்பது ழகரம், இங்கே இருப்பது லகரம்.

தீப்பிழம்பைக் குறிக்கும் ஷோலா அரபு மொழியின் 'ஷுஅலா'. மூட்டுதல், எரித்தல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து பிறந்து, பாரசீகத்தின் வழியாக உருதுவுக்கும் இந்திக்கும் வந்தது. தீவட்டியைக் குறிக்கும் 'மஷால்' என்பதும் அதே வேர்தான். வெள்ளைக்காரர் வீடுகளில் பாத்திரம் துலக்கிய 'மசால்ஜி' ஒரு காலத்தில் தீவட்டி பிடித்தவன். கொழுந்து சிவக்கும் என்று நீங்கள் எழுதியது உண்மை, அழகும்கூட. ஆனால் புல்வெளியில் பற்றும் தீ சோலையின் விளிம்புவரை வந்து, உள்ளே இருக்கும் ஈரத்தால் அங்கேயே அவிந்துவிடும் என்பதை மலைக்காரரான நீங்கள் பார்த்திருப்பீர்கள். தீ நுழைய மாட்டாத ஒரே இடத்துக்குத் தீயின் பெயரை வைத்திருக்கிறீர்கள்.

இனி அந்தத் தொப்பி. இதை நான் அவ்வளவு எளிதில் விடுவதாக இல்லை.

அந்தத் தொப்பி ஒரு செடியின் தண்டுக்குள் இருக்கும் வெள்ளைத் தக்கையால் செய்யப்படுவது. குளத்திலும் சதுப்பிலும் வளரும் அந்தச் செடிக்கு வங்காளத்தில் ஷோலா என்று பெயர். வங்காள மணமகன் தலையில் வைக்கும் டோபோர் என்னும் மகுடத்தையும் அதில்தான் செய்கிறார்கள். ஆகவே தொப்பியின் பெயர் வந்தது, அது அணியப்பட்ட இடத்திலிருந்து அல்ல, அது செய்யப்பட்ட பொருளிலிருந்து. இந்த வரலாறு தெரியாத ஆங்கிலேயர் பலர், வெயிலுக்குப் போடுகிற தொப்பிதானே என்று, லத்தீனில் சூரியனைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த தம்முடைய 'சோலார்' என்பதை அதன் தலையில் கட்டி 'சோலார் தொப்பி' ஆக்கினார்கள். புரியாத சொல்லுக்குள் தமக்குத் தெரிந்த பொருளைத் தேடியதால் வந்த பிழை இது என்று நான் மேலே சொன்ன அகராதியே கேலி செய்கிறது. தம்பி, அவர்கள் செய்த அதே காரியத்தைத்தான் நீங்களும் செய்திருக்கிறீர்கள். அவர்களுக்குச் சூரியன், உங்களுக்குச் சோலை.

அந்தச் செடி நமக்கு அயலானது என்றால்கூட மன்னித்திருப்பேன். அதன் தமிழ்ப்பெயர் நெட்டி. மாட்டுப் பொங்கலன்று கழுத்தில் கட்டுகிறோமே, அந்த நெட்டி மாலையின் நெட்டி. தஞ்சாவூரில் அதே நெட்டியால் பெரிய கோயிலின் உருவத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வெள்ளை வெளேரென்று செய்து விற்கிறார்களே, அந்த வேலைப்பாட்டுக்கு 2020-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. தமிழிலிருந்து பெயர் போயிருந்தால் அது 'நெட்டித் தொப்பி' என்றல்லவா போயிருக்கும்?

ஒலி ஒத்திருப்பது ஒரு சான்றே அல்ல. ஆஸ்திரேலியாவின் வடகிழக்கில் பேசப்பட்ட ம்பபரம் என்னும் பழங்குடி மொழியில் நாய்க்குப் பெயர் 'டாக்'. ஆங்கிலத்திலிருந்து வாங்கியதல்ல, பக்கத்து மொழி ஒன்றில் 'குடாகா' என்று இருக்கிற சொல் அங்கே தேய்ந்து தேய்ந்து அப்படி ஆனது. டிக்சன் என்ற மொழியியலாளர் அந்தத் தேய்வைப் படிப்படியாகக் காட்டியிருக்கிறார். ஒரு சொல் எந்த வழியாக நடந்து வந்தது என்று காட்ட முடிந்தால் மட்டுமே உறவு கொண்டாடலாம்.

அப்படி நடந்து வந்த வழியை நான் ஒருமுறை என் காலாலேயே அறிந்திருக்கிறேன். கொடைக்கானலிலிருந்து பேரிஜம் ஏரி வழியாக மூணாற்றுப் பக்கத்து டாப் ஸ்டேஷனுக்குப் போகும் பழைய சாலை திறந்திருந்த காலம். எனக்கு ஒன்பது வயது இருக்கும். அப்பாவின் நண்பர் ஒருவர், மலையாளி, மூணாற்றுப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தார். வழியெல்லாம் அப்பா மதிகெட்டான் சோலையைப் பற்றியே சொல்லி வந்தார். உள்ளே போனவனுக்குப் புத்தி பேதலித்துத் திரும்பும் வழி தெரியாமல் போய்விடும் என்றார். தோட்டத்து வீட்டை அடைந்ததும் அந்த மாமா என் கையில் ஒரு துண்டைக் கொடுத்து, "மோனே, சோலயில் போயி குளிச்சிட்டு வா" என்றார்.

நான் நடுங்கிப்போனேன். சோலைக்குள் எப்படிக் குளிப்பது? அவர் காட்டிய திசையில் நடந்தேன். வழியில் ஒரு ஓடை குறுக்கிட்டது. அதைத் தாண்டிக் குதித்து, மேலே தெரிந்த மரக்கூட்டத்தை நோக்கி அழாத குறையாக ஏறினேன். உள்ளே பாசி படிந்த மரங்களின் அடியில், இலைமக்கிலிருந்து தண்ணீர் விரல் தடிமனில் கசிந்துகொண்டிருந்தது. அது இறங்கும் வழியே இறங்கினால், நான் தாண்டி வந்த அதே ஓடை. கரையில் மாமா நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மலையாளத்தில் சோல என்றால் நிழல். காட்டுக்குள் ஓடும் நீரோடையும் சோலதான். நமக்கு மரத்தோடு நின்றுவிட்ட சொல், அவர்களிடம் மரத்தடியிலிருந்து தண்ணீரோடு இறங்கிப் போயிருக்கிறது. இது உறவு, தம்பி. இதைக் காட்ட எனக்கு எந்தத் தொப்பியும் தேவைப்படவில்லை.

அந்த மாமா போன மாதம் காலமானார். கடைசியாகத் தொலைபேசியில் பேசியபோதுகூட, "சோல கண்டோ?" என்று கேட்டுச் சிரித்தார்.

நீங்கள் கேட்டது இரண்டு வரி. எனக்கு அது வரவில்லை. நான் தை பிறக்கும்போது தஞ்சாவூரில் இருப்பேன். முகவரியை எழுதினால் ஒரு நெட்டி மாலை வாங்கி அனுப்புகிறேன். தொப்பியைப் பற்றிக் கேட்கும் பயணியின் உள்ளங்கையில் அதில் ஒரு துண்டைக் கிள்ளி வையுங்கள்.