'ரெஸ்பான்ஸிபிலிட்டி'யில் அழுத்தம் எந்த அசையில்?

'ரெஸ்பான்ஸிபிலிட்டி' (responsibility) என்ற ஆங்கிலச் சொல்லில் 'ஸ்பான்' என்ற அசைக்கு முதன்மை அழுத்தம் தர வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். உண்மையில் முதன்மை அழுத்தம் நான்காவது அசையில் விழுகிறது: ரி–ஸ்பான்–ஸ–பி–ல–டி என்ற ஆறு அசைகளில் 'பி'தான் மிகவும் ஓங்கி ஒலிக்க வேண்டும். நீங்கள் எழுதியபடி 'ஸ்பான்' மீது முதன்மை அழுத்தம் தருவது 'ரெஸ்பான்ஸிபிள்' என்ற சொல்லுக்கு மட்டுமே பொருந்தும்.

அடிச்சொல்லின் அழுத்தம் நீண்ட சொல்லிலும் அதே இடத்தில் நிற்கும் என்று நீங்கள் கருதியிருக்கலாம். தமிழில் அழுத்தம் இடம் மாறினாலும் சொல் மாறுவதில்லை என்பதால், இப்படி நினைப்பது நமக்கு மிகவும் இயல்பானது. ஆனால் 'இட்டி' என்னும் பின்னொட்டு சேர்ந்தவுடன் அழுத்தம் அதற்கு நேர் முன்னுள்ள அசைக்கு நகர்ந்துவிடுகிறது. அதோடு 'இபிள்' என்ற உறுப்பும் 'இபில்' என்று திரிகிறது.

சோதித்துப் பார்க்க, 'எலக்ட்ரிக்', 'எலக்ட்ரிசிட்டி' இரண்டையும் அடுத்தடுத்து உரக்கச் சொல்லுங்கள். முதற்சொல்லில் 'லெக்' ஓங்கும். இரண்டாவதில் 'ட்ரி' ஓங்க, 'லெக்' தணிந்துவிடும். அகராதியின் ஒலிக்குறிப்பில் மேலே நிற்கும் சிறு செங்குத்துக் கோடு, தனக்குப் பின்வரும் அசையையே சுட்டுகிறது என்பதையும் மறக்க வேண்டாம். பலர் அதை முந்தைய அசைக்கு உரியதாகப் படித்துவிடுகிறார்கள்.

எல்லாப் பின்னொட்டுகளும் அழுத்தத்தை நகர்த்துவதில்லை. 'ஹேப்பி', 'ஹேப்பினஸ்' இரண்டிலும் முதலசையே ஓங்குகிறது. மேலும், சொல்லுறுப்பின் (அடிச்சொல், பின்னொட்டு போன்ற பகுதியின்) எல்லையும் அசையின் எல்லையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதால், சொல்லைப் பொருளுக்காக ஒரு முறையும் ஒலிப்புக்காக ஒரு முறையும் தனித்தனியே பிரித்து எழுதுங்கள்.