யானை முன்னே, மணியோசை பின்னே: வீடியோவில் சத்தம் விலகினால் என்ன செய்வது?

கேள்வி: எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடையில் நடந்த வில்லுப்பாட்டைப் போனில் ஒன்றரை மணி நேரம் நிறுத்தாமல் எடுத்தேன். போனில் பார்த்தால் சரியாக இருக்கிறது. வெளியூரில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு அனுப்புவதற்காக ஒரு இலவச மென்பொருளில் போட்டு அளவைக் குறைத்தேன். தொடக்கத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் முடிவில், வீசுகோல் வில்லில் விழுந்து ஐந்து விநாடி கழித்துத்தான் சத்தம் வருகிறது. காசு கட்டி வாங்கும் பதிப்பில் இது சரியாகிவிடும் என்று அந்த மென்பொருளே சொல்கிறது. வாங்கலாமா? (வாசகர், வீரவநல்லூர்)

பதில்: வாங்காதீர்கள். தொடக்கத்தில் சரி, போகப்போக விலகுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பாதி நோய் அதிலேயே தெரிந்துவிட்டது. முதல் நிமிடத்திலும் கடைசி நிமிடத்திலும் ஒரே அளவு விலகினால் அதற்கு ஒரு வைத்தியம், விலகல் வளர்ந்துகொண்டே போனால் வேறு வைத்தியம். இதைக் கேட்காமலே 'ஒரே கிளிக்கில் சரிசெய்கிறேன்' என்று விற்கும் மென்பொருள் எதையும் நான் நம்பமாட்டேன்.

உங்களுடையது வளரும் வகை. போன் கேமரா விநாடிக்கு 30 படம் எடுப்பதாகச் சொல்லிக்கொள்ளும். ராத்திரி வெளிச்சம் குறைந்தாலோ போன் சூடானாலோ அந்த எண்ணிக்கை கூடும், குறையும். எந்தப் படத்தை எந்தக் கணத்தில் காட்ட வேண்டும் என்ற குறிப்பு கோப்புக்குள்ளேயே இருப்பதால் போனில் பார்க்கும்போது பிசகுவதில்லை. சில மென்பொருள்கள் அந்தக் குறிப்பைக் கண்டுகொள்ளாமல், எல்லாப் படங்களையும் விநாடிக்கு 30 என்று அடுக்கிவிடுகின்றன. உண்மையான சராசரி 29.97 ஆக இருந்தால் வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஆனால் ஒன்றரை மணி நேரம் என்பது 5400 விநாடி. அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் படம் 5 விநாடிக்கு மேல் முந்திவிடும். நீங்கள் சொல்லும் ஐந்து விநாடி கிட்டத்தட்ட அங்கேதான் வந்து நிற்கிறது.

உறுதி செய்துகொள்ள மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் போனின் அசல் கோப்பைத் திறந்து பாருங்கள். 'ஃபிரேம் ரேட் மோட்' என்ற இடத்தில் 'வேரியபிள்' என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம். அப்புறம் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். அதுவும் இலவசம்தான், விளம்பரத்தில் வரும் போலிப் பக்கங்களை விட்டுவிட்டு அதன் சொந்தத் தளத்திலிருந்து எடுங்கள். போனின் அசல் கோப்பை அதில் திறந்து, வீடியோ பகுதியில் ஃபிரேம் ரேட் 30 என்று வைத்து, அதன் கீழே 'கான்ஸ்டன்ட்' என்பதைத் தேர்ந்தெடுத்து மாற்றுங்கள். குறைகிற இடத்தில் முந்தைய படத்தையே மறுபடி வைத்து நேரத்தைச் சரிக்கட்டிக்கொள்ளும்.

அசலை அழித்துவிட்டீர்கள் என்றால் வேலை கொஞ்சம் கூடும், ஆனால் வழி இருக்கிறது. எம்கேவிடூல்நிக்ஸ் என்ற மென்பொருளில் படத்தடத்தை மட்டும் 1.001 மடங்கு நீட்டலாம். ஒலியை நீட்டப் போகாதீர்கள், அதன் நீளம் சரியாகத்தான் இருக்கிறது. ஒன்று மட்டும்: விலகல் கடைசிவரை ஒரே சீராக வளர்ந்திருந்தால்தான் இது முழுதாகப் பலிக்கும்.

அளந்து பார்க்க வில்லுப்பாட்டைப் போல வசதியானது இல்லை. வீசுகோல் நாணைத் தொடுகிற படம் எது என்று ஒவ்வொரு படமாக நகர்த்திப் பார்த்தால் தெரிந்துவிடும், மணிச்சத்தமும் சட்டென்று கேட்கும். வாயசைவைப் பார்த்து அளந்தால் குழப்பம்தான். கொடை வீடியோ என்றால் விடலைத் தேங்காய் உடைகிற இடமும் நல்ல அடையாளம். தொடக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று பாருங்கள்.

மூன்று இடத்திலும் ஒரே அளவு விலகலாக இருந்தால் விஎல்சி என்ற வீடியோ பிளேயர் போதும். ஓடும்போது 'ஜே', 'கே' எழுத்துகளை அழுத்தினால் ஒலி 50 மில்லிவிநாடி அளவில் முன்னும் பின்னும் நகரும். 'கே' அழுத்தினால் சத்தம் தாமதமாகும். ஆனால் விஎல்சி இதைக் கோப்பில் எழுதி வைக்காது. அங்கே கிடைத்த எண்ணை எம்கேவிடூல்நிக்ஸில் 'டிலே' கட்டத்தில் போட்டால், தரம் துளியும் குறையாமல் புதுக் கோப்பு கிடைத்துவிடும்.

கேள்வி: தொண்ணூறுகளில் நடந்த எங்கள் கல்யாண விஎச்எஸ் கேசட்டைப் பென்டிரைவில் ஏற்றக் கடையில் கொடுத்தேன். வந்ததில் தாலி கட்டி முடித்த பிறகுதான் கெட்டிமேளம் முழங்குகிறது. 'கேசட் பழசு, அப்படித்தான் இருக்கும்' என்கிறார் கடைக்கார அண்ணாச்சி. சரிசெய்யத் தனியாகக் காசு கேட்கிறார். கொடுப்பது நியாயமா? (வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: கேசட் பழசானால் படத்தில் கோடு விழும், நிறம் வெளிறும், சத்தம் மங்கும். படமும் சத்தமும் ஒரே நாடாவில் கூடவே ஓடுவதால், தன்னால் தனித்தனியே பிரிந்து போகாது. விசிஆரை நேரே டிவியில் இணைத்து அந்தத் தாலி கட்டும் இடத்தை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அதில் மேளமும் தாலியும் சேர்ந்தே வந்தால், கோளாறு கணினியில் ஏற்றும்போது வந்ததுதான்.

பெரும்பாலும் நடப்பது இது. மலிவான யுஎஸ்பி கேப்சர் கருவி, நாடாவிலிருந்து வரும் சமிக்ஞை தடுமாறும்போதெல்லாம் சில படங்களை விட்டுவிடும். சத்தமோ விடாமல் பதிவாகிக்கொண்டே போகும். நம் ஊர் விஎச்எஸ் விநாடிக்கு 25 படம். 10 படம் போனால் 0.4 விநாடி விலகல். அதனால் இது சீராக வளராது, படிப்படியாகத் தாவும். மென்பொருளில் ஒட்டுப்போடுவது வீண், விசிஆரில் நாடாவைப் படிக்கும் ஹெட்டைத் துடைத்து மறுபடி ஏற்றுவதுதான் வழி. தடுமாறும் சமிக்ஞையைச் சீராக்கும் டைம் பேஸ் கரெக்டர் என்ற கருவி வைத்திருக்கும் கடையாக இருந்தால் இன்னும் நல்லது.

அண்ணாச்சி பக்கமும் ஒரு நியாயம் இருக்கலாம். கேசட் ஜன்னல் வழியே நாடாச் சுருளில் வெள்ளைப் பூசணம் தெரிந்து, 'இது சரியாக வராது' என்று முன்னாலேயே சொல்லியிருந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. சொல்லவில்லை என்றால் மறுபடி ஏற்றித் தருவது அவர் பொறுப்பு, இரண்டாவது கூலி கிடையாது. முதலில் பென்டிரைவோடு போய்த் தன்மையாகப் பேசுங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாட்டுக்கு மாவட்ட ஆணையத்துக்கும் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பில் வாங்கினீர்களா? பில் தர மறுப்பதையே முறையற்ற வணிகம் என்கிறது அந்தச் சட்டம்.

இனிமேல் கேசட் கொடுக்கிறவர்களுக்கு: வாங்கும்போது கடையிலேயே கடைசிப் பத்து நிமிடத்தை ஓட்டிப் பாருங்கள். எல்லாரும் முதல் இரண்டு நிமிடத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள்.

கேள்வி: லேப்டாப்பில் சரியாக ஓடும் வீடியோ, டிவியில் போட்டால் உதட்டசைவுக்குப் பின்னால் பேச்சு வருகிறது. புளூடூத் சவுண்ட்பார் வைத்திருக்கிறோம். எந்த ஃபார்மட்டுக்கு மாற்ற வேண்டும்? (வாசகர், கல்லிடைக்குறிச்சி)

பதில்: எதற்கும் மாற்ற வேண்டாம், கோப்பில் குற்றமில்லை. புளூடூத்தை அணைத்துவிட்டு டிவியின் சொந்த ஸ்பீக்கரில் கேளுங்கள், சரியாகிவிட்டால் தாமதம் சவுண்ட்பாருக்குப் போகும் வழியில். சத்தம் 125 மில்லிவிநாடி பிந்தினாலே கண்ணில் படும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணக்கு, முந்தினாலோ 45லேயே தெரிந்துவிடும். புளூடூத் அந்த 125ஐச் சாதாரணமாகத் தாண்டும். சில டிவிகளில் ஒலி அமைப்புக்குள் 'ஏவி சிங்க்' இருக்கும், நகர்த்திப் பாருங்கள். சவுண்ட்பாரின் பின்னால் எச்டிஎம்ஐ ஏஆர்சி துளை (டிவியின் ஒலியை வயர் வழியே வாங்கும் துளை) இருந்தால் ஒரு எச்டிஎம்ஐ வயர் வாங்கி டிவியின் ஏஆர்சி துளையில் செருகிவிடுங்கள்.