மெத்தைக்கு முன் குதிகால்

அன்புள்ள ஐயா,

பாய்மரப் படகுகள் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் வாசிக்கிறேன். எங்களிடம் 22 அடிப் பழைய ஃபைபர் படகு ஒன்று இருக்கிறது. நானும் கணவரும் மட்டும்தான் ஓட்டுகிறோம். காக்பிட்டில், அதாவது படகை ஓட்டுபவர்கள் உட்காரும் திறந்த பள்ளத்தில், இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் எனக்கு இடுப்பு விட்டுப்போகிறது. இருக்கை வெறும் ஃபைபர் பலகை, காக்பிட் தரையிலிருந்து 40 செ.மீ. உயரம். முதுகுக்குப் பின்னால் இருக்கும் கோமிங், அதாவது காக்பிட்டைச் சுற்றியுள்ள தடுப்பு விளிம்பு, 20 செ.மீ. உயரம்தான். படகு சாயும்போது மேல்பக்கம் உட்கார்ந்திருந்தால் வழுக்கிக்கொண்டே இருக்கிறேன். எதிர் இருக்கையில் உதைத்துக்கொள்ளலாம் என்றால் கால் எட்டவில்லை.

10 செ.மீ. கனத்தில் நுரை வாங்கி, நேவி ப்ளூ ரெக்ஸின் உறை தைத்து, ஸ்னாப் பட்டன்களால் இருக்கையோடு பொருத்திவிடலாம் என்று நினைத்திருக்கிறேன். எந்த நுரை நல்லது? கணவரைக் கேட்டால், "சொகுசு வேண்டுமென்றால் கப்பலில் டிக்கெட் எடு" என்கிறார்.

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

நுரை வாங்குவதை இரண்டு வாரம் தள்ளிப்போடுங்கள். நீங்கள் எழுதியிருக்கும் அளவுகளை வைத்துப் பார்த்தால், அந்த 10 செ.மீ. மெத்தை உங்கள் இடுப்புவலியைக் கூட்டத்தான் செய்யும்.

உங்கள் கோமிங் 20 செ.மீ. அதன் மேல் விளிம்பு இப்போதே இடுப்புக் குழிவுக்குச் சற்று மேலே வந்து அழுத்துகிறது. வலிக்குப் பாதிக் காரணம் அதுதான். மெத்தை போட்டால் நீங்கள் உயர்வீர்கள், கோமிங் உயராது. நீங்கள் உட்கார்ந்து மெத்தை கொஞ்சம் அமுங்கினாலும், முதுகுக்கு மிஞ்சுவது 12, 13 செ.மீ. அது முதுகுச்சாய்வு இல்லை, இடுப்பில் குத்தும் ஒரு விளிம்பு. கீழேயும் இதே கதைதான். 40 செ.மீ. இருக்கை 48 ஆகிவிடும். எதிர் இருக்கைக்கே கால் எட்டாத உங்களுக்கு, தரையில் குதிகால் ஊன்றாமல் தொங்கும். தொடையின் அடிப்பக்கம் அழுந்தி அரைமணியில் மரத்துப்போகும். இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் எவ்வளவு உயர்கிறீர்களோ, ஆள் வெளியே விழாமல் இருக்கப் படகோரத்தில் ஓடும் பாதுகாப்புக் கம்பி உங்களுக்கு அவ்வளவு தாழ்கிறது. எட்டு செ.மீ. சின்ன விஷயமாகத் தெரியும், அலை ஒன்று பக்கவாட்டில் அடிக்கும்வரை.

நான் இதையெல்லாம் யோசித்துக் கண்டுபிடித்தவன் இல்லை. நீங்கள் சொல்லும் அதே மெத்தையை, கிட்டத்தட்ட அதே கனத்தில், தைத்துப் போட்டு ஒரு பருவம் முழுக்க அவஸ்தைப்பட்டவன்.

இப்போது வழுக்கும் விஷயத்துக்கு வருகிறேன். இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. படகு நேராக நிற்கும்போது உட்கார்ந்து பார்த்து இருக்கையை எடைபோடுகிறோம். ஆனால் காற்றில் ஓடும்போது படகு 15, 20 பாகை சாய்ந்திருக்கும். காற்று வரும் பக்கம், அதாவது மேல்பக்கம், உட்கார்ந்தவருக்கு இருக்கை முன்னோக்கிச் சரிகிறது. அவரை முதுகுச்சாய்வு தாங்காது. முதுகு அதைத் தொடக்கூடச் செய்யாது. 20 பாகைச் சரிவில் உடல் எடையில் மூன்றில் ஒரு பங்கு கீழ்நோக்கி இழுக்கும். 60 கிலோ மனிதருக்கு அது சுமார் 20 கிலோ. கால் எங்கேயாவது ஊன்றியிருந்தால் அதைக் கால் சுமக்கும். ஊன்றவில்லையென்றால் இடுப்பையும் வயிற்றையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பீர்கள், அதுவும் உங்களுக்கே தெரியாமல். உங்கள் வலியின் மறுபாதி அங்கிருந்து வருகிறது என்பது என் ஊகம். இதில் ரெக்ஸின் வேறு போட்டால் சறுக்குமரம்தான்.

ஆகவே முதல் வேலை காலுக்கு. காக்பிட் தரையின் நடுவில், படகின் நீளவாக்கில், குதிகால் முட்டிக்கொள்ள ஒரு மரச்சட்டம் போடுங்கள். மூன்று நான்கு செ.மீ. உயரம் போதும். இரு பக்கமும் சரிவாகச் செதுக்கி, விளிம்பை உருட்டிவிடுங்கள், இருட்டில் கால் இடறினால் கொஞ்சம் மன்னிக்கும். அதைத் தரையில் திருகாதீர்கள். எடுத்து மாட்டக்கூடிய மரத்தட்டி ஒன்றின் மேல் பொருத்தி, தட்டியையே தரையில் இறுக்கமாகப் பொருந்தும்படி வெட்டிக்கொள்ளலாம். தண்ணீர் வடியும் துளைகள் அடைபடக் கூடாது, அவ்வளவுதான். என் படகில் செலவழித்த உழைப்புக்கு மிக அதிகமாகத் திருப்பிக் கொடுத்தது இந்த ஒற்றைச் சட்டம்தான்.

இரண்டாவது, முதுகு. தாழ்ந்த பக்கம் உட்காரும்போதும், நங்கூரம் போட்டுக்கொண்டு சும்மா கிடக்கும்போதும் முதுகுதான் வேலை செய்கிறது. வசதியான சாய்வு என்றால் 35, 40 செ.மீ. உயரமாவது வேண்டும். இருக்கைக்குச் செங்குத்தாக இல்லாமல் 10 முதல் 15 பாகை வெளிப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். படகை அறுத்து கோமிங்கை உயர்த்த வேண்டியதில்லை. நீர் புகாத பிளைவுட்டில் பலகை வெட்டி, கோமிங்கின் மேல் கொக்கிபோல் மாட்டிக்கொள்ளும்படி செய்யலாம். பாய்க்கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச்சும் கயிறு கட்டும் கிளீட்டும் எங்கே இருக்கின்றன என்று பார்த்து வெட்டுங்கள். கயிறு இழுக்கும் நேரத்தில் பலகை குறுக்கே நின்றால் உங்கள் கணவர் அதை முதல் நாளே கடலில் எறிந்துவிடுவார், அதில் நான் அவர் பக்கம்.

அதைவிட எளிய வழி, பாதுகாப்புக் கம்பியின் மேல் குழாய் நுரையை மாட்டி, மேலே துணி உறை சுற்றுவது. தண்ணீர்க் குழாய்க்குப் போடும் பிளந்த நுரை உருளையே போதும். முதுகின் மேல்பகுதிக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் கம்பியின் இணைப்புகளில் துரு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். திறந்து மூடும் கொக்கி இருக்கும் இடத்தில் ஒருபோதும் முழு எடையையும் கொடுத்துச் சாயாதீர்கள்.

காலில்லாத மடக்கு நாற்காலிகளையும் சிலர் பரிந்துரைப்பார்கள். சாய்வைப் பல்சக்கரத்தால் கூட்டிக் குறைக்கலாம். நங்கூரத்தில் நிற்கும்போது சொர்க்கம். என்னிடமும் ஒன்று இருந்தது. ஒருநாள் திசைகாட்டி சொன்னபடியே சுக்கான் பிடித்துக்கொண்டிருந்தும், கரையில் தெரிந்த அடையாளங்கள் எதுவும் வரைபடத்தோடு ஒத்துப்போகவில்லை. வரைபடத்தைத் திட்டினேன், நீரோட்டத்தைத் திட்டினேன். கடைசியில் நாற்காலியை மடக்கி உள்ளே வைத்தபோது திசைகாட்டி மெதுவாகத் திரும்பியது. உள்ளே இருந்தது எஃகுச் சட்டம். வாங்கும் முன் திசைகாட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய், அது நகர்கிறதா என்று பாருங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு மெத்தை வேண்டுமா என்றால், வேண்டும்தான். நான்கு அல்லது ஐந்து செ.மீ. கனத்துக்கு மேல் போகாதீர்கள். சோபாவுக்குப் போடும் சாதாரண நுரை வேண்டவே வேண்டாம். எவ்வளவு நல்ல உறை போட்டாலும் தையல் துளை வழியாகவும் ஜிப் வழியாகவும் தண்ணீர் உள்ளே போகும். போன தண்ணீர் வெளியே வராது. மேலே காய்ந்திருக்கும், உட்கார்ந்ததும் பிழிந்துகொண்டு வரும். பிறகு பூஞ்சை, நாற்றம்.

இரண்டு வகை நுரைகள் படகுக்குச் சரிப்படும். ஒன்று, ஒவ்வொரு குமிழும் தனித்தனியாக மூடியிருக்கும் வகை. தண்ணீர் குடிக்காது, மிதக்கும், ஆனால் விறைப்பு. விறைப்பானதை அடியிலும், அதே வகையில் கொஞ்சம் மிருதுவானதை மேலேயும் ஒட்டினால் பொறுத்துக்கொள்ளலாம். மற்றது வலைபோல் திறந்த துளைகள் உள்ள வடிகட்டி நுரை. தண்ணீர் ஊற்றினால் மறுபக்கம் கொட்டிவிடும், சீக்கிரம் காயும், உட்கார இதமாகவும் இருக்கும். ஆனால் இதற்கு அடிப்பக்கம் வலைத்துணி வைத்துத் தைக்க வேண்டும். அடியில் ரெக்ஸின் வைத்தால் காசு கொடுத்து வாளி வாங்கியது மாதிரி. உங்கள் இருக்கைக்கு நான் முதல் வகையைத்தான் தேர்ந்தெடுப்பேன். அவசரத்துக்கு, தண்ணீரில் விழுந்தவரை நோக்கித் தூக்கிப் போடவும் ஆகும். அதற்காக உயிர்காப்பு உடுப்பைக் கழற்றிவிட வேண்டாம்.

உறைக்கு வெயில் தாங்கும் அக்ரிலிக் துணி. அதில் வழுக்கல் குறைவு, உடம்பில் ஒட்டாது. நூலும் வெயில் தாங்குவதாக இருக்கட்டும், துணிக்கு முன் நூல்தான் செத்துப்போகும். ஜிப் பிளாஸ்டிக்கில். இருக்கைக்கு அடியில் பெட்டி இருக்குமே, அதன் மூடிக்கு ஏற்ப மெத்தையைத் துண்டுகளாகத் தையுங்கள். அவசரமாகக் கயிறு எடுக்கும்போது ஆறடி மெத்தையைத் தூக்கிக்கொண்டு நிற்க முடியாது.

ஸ்னாப் பட்டன் விஷயத்தில் பொறுங்கள். ஒவ்வொரு பட்டனும் ஃபைபரில் ஒரு துளை. உங்கள் இருக்கைப் பலகைக்குள் பால்சா மரமோ பிளைவுட்டோ இருந்தால் அந்தத் துளை வழியே தண்ணீர் இறங்கி உள்ளுக்குள் அழுகத் தொடங்கும். அடியில் வழுக்காத ரப்பர் வலை விரிப்பு, ஏற்கெனவே இருக்கும் கிளீட்டில் மெல்லிய கயிறால் ஒரு கட்டு. நான் இப்படித்தான் வைத்திருக்கிறேன்.

எதையும் வெட்டும் முன், அடுத்தமுறை போகும்போது இரண்டு துவாலைகளும் ஒரு கட்டை மரமும் எடுத்துப்போங்கள். துவாலையைச் சுருட்டி இடுப்புக் குழிவில் வைத்துப் பாருங்கள். மற்றதை மடித்து உட்காரும் இடத்தில் போடுங்கள். கட்டையைத் தரையில் நீளவாக்கில் அழுத்தமாகப் பொருத்தி குதிகாலை ஊன்றுங்கள். ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு எது இல்லாதபோது வலிக்கிறது என்று பாருங்கள். சுக்கான் தண்டின் நுனியில், தள்ளி உட்கார்ந்தும் சுக்கான் பிடிக்க உதவும் நீட்சித்தண்டு இல்லையென்றால் அதையும் மாட்டிவிடுங்கள். ஒரே இடத்தில் மணிக்கணக்காக உட்கார எந்த உடம்பும் ஒப்புக்கொள்ளாது. நீட்சித்தண்டு இருந்தால் கோமிங் மேல், முன்னால் தள்ளி, காலை நீட்டி என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறலாம்.

உங்கள் கணவரிடம் ஒன்று சொல்லுங்கள். இடுப்பு வலிக்கும் மனிதர் பாயைச் சுருக்க வேண்டிய நேரத்தை "இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடுவார், எழுந்து போக உடம்பு வராது. நானே அப்படித் தள்ளிப்போட்டு ஒரு பாயைக் கிழித்திருக்கிறேன்.

நிறம் பற்றி. நேவி ப்ளூ வெயிலில் எப்படிச் சுடும் என்பதை அரைக்கால் சட்டையோடு ஒருமுறை உட்கார்ந்தால் தெரிந்துகொள்வீர்கள். வெளிர் சாம்பலில் தையுங்கள். நீலம்தான் ஆசையென்றால் ஓரப்பட்டையில் வைத்துக்கொள்ளுங்கள்.