பின்டரெஸ்டில் 60 பின் போட்டும் கிளிக் இல்லை: வடசேரி நகைக்கடைக்குப் பதில்

வடசேரிக் கோயில் நகைக்கு, அதாவது பரதநாட்டியத்துக்கு அணியும் கல் பதித்த நகைக்கு, பின்டரெஸ்டில் 60 பின் (லிங்க் சேர்த்த படப் பதிவு) போட்டும் உங்கள் ஆன்லைன் கடைக்கு ஆள் வரவில்லை என்றீர்கள். குறை நகையில் இல்லைங்க, எல்லாப் பின்னும் உங்கள் வெப்சைட்டின் முகப்புப் பக்கத்துக்கே போகிறது. ராக்கொடி (பின்தலையில் ஜடைமேல் சூடும் நகை) படத்தைத் தொட்டு வந்தவர் அதே ராக்கொடியைக் காணாவிட்டால் உடனே திரும்பிவிடுவார். ஒவ்வொன்றுக்கும் அந்தந்தப் பொருளின் பக்க முகவரியையே முழுதாகக் கொடுங்கள். சுருக்கிய லிங்க் ஸ்பேம் என்று தடுக்கப்படலாம்.

படம் 1000 × 1500 பிக்சல், நெட்டுவாக்கில். வெறும் துணிமேல் வைத்து ஒன்று, ஜடையில் சூடியபடி ஒன்று. ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம், கெம்புக் கல்லின் சிவப்பு படத்தில் வெளுத்துவிடும். காலை ஜன்னல் வெளிச்சம் போதும்.

'புது வரவு' என்று யாரும் தேடுவதில்லை. 'பரதநாட்டிய ராக்கொடி, சிவப்புக் கெம்பு' என்று தலைப்பிடுங்கள், ஆங்கில எழுத்திலும். பின்டரெஸ்ட் பிசினஸ் கணக்கில், வெப்சைட் உங்களுடையதுதான் என்று உறுதிசெய்துவிட்டீர்களா? மார்கழி சீசனுக்கான பின்களை ஐப்பசியிலேயே ஏற்றத் தொடங்குங்கள்.