கிச்சிலி சம்பாவின் பிறப்புச் சான்றிதழ்

கேள்வி: எம்.எஸ். சுவாமிநாதனோடு நம் நாட்டில் பயிர் விஞ்ஞானம் முடிந்துவிட்டது. இப்போது இருப்பவர்கள் கட்டுரை எழுதுகிறார்கள், விமானம் ஏறுகிறார்கள், பட்டம் வாங்குகிறார்கள். தட்டில் விழும் சோற்றுக்கும் இவர்களுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா? ஒரே ஒரு பெயர் சொல்லுங்கள் பார்க்கலாம். நான் விஞ்ஞானி கை படாத கிச்சிலி சம்பாவுக்கு மாறி இரண்டு வருஷம் ஆகிறது. பின்குறிப்பு: 25 கிலோ அரிசிச் சிப்பம் 26 கிலோவாக மாறியது எந்த விஞ்ஞானியின் கைங்கரியம்?
— ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, மேற்கு மாம்பலம், சென்னை

பதில்: ஊரில் எத்தனையோ அரிசி இருக்க, போயும் போயும் கிச்சிலி சம்பாவையா சாட்சிக்குக் கூப்பிட வேண்டும்?

கிச்சிலி சம்பா என்று நம் ஜனங்கள் அழைத்த நெல்லுக்கு அரசாங்கக் காகிதத்தில் ஜிஇபி 24 என்று பெயர். அந்த மூன்று எழுத்தும் ஒரு பதவியின் சுருக்கம். வெள்ளைக்காரன் காலத்தில் சென்னை மாகாணத்து விவசாயத் துறையில் இருந்த அரசுப் பொருளாதாரத் தாவரவியலாளரின் (கவர்ன்மென்ட் எகனாமிக் பாட்டனிஸ்ட்) பதவி அது. கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் கோனாமணி என்ற ரகத்தின் நடுவே தானாக மாறி நின்ற ஒரு செடியைக் கண்டுபிடித்து, தனியே பிரித்து, பெருக்கி, 1921இல் வெளியிட்டார்கள். மாறியது இயற்கை. ஆயிரம் செடிக்கு நடுவே அது மாறியிருக்கிறது என்று பார்த்தது சம்பளம் வாங்கிய கண். உங்கள் கடைக்காரர் அந்தப் பெயரில் எதை அளந்து போடுகிறார் என்பதற்கு நான் ஜவாப்தாரி இல்லை. ஆனால் விஞ்ஞானி கை படாத அரிசிக்கு உதாரணம் தேடினால் தயவுசெய்து வேறு ரகம் பாருங்கள்.

மாம்பலத்தில் மற்ற வீடுகளில் வேகும் பொன்னியும் அப்படித்தான். பெயர் காவிரியுடையது, பெற்றோரில் ஒருவர் தைவான், இன்னொருவர் மலேயா. 1950களில் ஜப்பான் வகை நெல்லையும் நம் வகை நெல்லையும் கலக்க ஒரு பெரிய முயற்சி நடந்தது. அதற்கு மையம் ஒடிசாவில் கட்டாக் நெல் ஆராய்ச்சி நிலையம். அந்த நிலையத்தின் முதல் இயக்குநர் கோவையில் நெல் ஆராய்ந்து பழகிய கே. ராமையா. அந்தக் கலப்பில் பிறந்தது மசூரி. மசூரி வழியில் வந்த வெள்ளைப் பொன்னியை 1986இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. ராமையா பெயரை உங்கள் தெருவில் யாராவது கேள்விப்பட்டிருக்கிறார்களா? அரிசிப் பையில் அச்சடித்திருக்கும் மயில், யானை, மணப்பெண் எல்லாம் தெரியும். உள்ளே இருப்பதைச் செய்தவன் மட்டும் தெரியாது.

சுவாமிநாதனுக்கு வருவோம். கும்பகோணத்துப் பிள்ளை என்பதால் நெல் புரட்சி முழுவதையும் அவர் கணக்கில் எழுதிவிடுகிறோம். 1954இல் கட்டாக்கில் அவரும் இந்தக் கலப்பு வேலையில் கொஞ்ச காலம் இருந்தார் என்பது உண்மை. ஆனால் அவர் பெயர் நிலைத்தது கோதுமையில். அமெரிக்க விஞ்ஞானி நார்மன் போர்லாக்கின் மெக்ஸிகோ குட்டைக் கோதுமையை இங்கே கொண்டுவந்து, நம் மண்ணுக்கும் நம் சப்பாத்திக்கும் பழக்கியதில். 1966இல் வந்த குட்டை நெல் ஐஆர் 8 பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் சரக்கு. பீட்டர் ஜென்னிங்ஸ் கலந்தார், ஹென்றி பீச்செல் தேர்ந்தெடுத்தார். பிறகு வந்த குர்தேவ் குஷ் என்ற பஞ்சாபிக்காரர் ஐஆர் 36, ஐஆர் 64 என்று அடுக்கிக்கொண்டே போனார். ஐஆர் 8 சோறு ஆறினால் விறைத்துப்போகும் என்று திட்டிக்கொண்டே ஊர் சாப்பிட்டது. அதே தமிழ்நாட்டில் வட ஆர்க்காட்டு விவசாயி ஒருவர் தன் பிள்ளைக்கே அந்த நெல்லின் பெயரை வைத்தார். கட்டுரை மட்டும் எழுதுகிறவனுக்குக் கிடைக்கிற மரியாதையா அது?

ஒரே ஒரு பெயர் கேட்டீர்கள். கேள்வியிலேயே கோளாறு இருக்கிறது. நெல் ரகம் என்பது தனி ஆவர்த்தனம் இல்லை. இருந்தாலும் கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன்.

பெங்களூர் போகும்போது மதுரவாயலில் நெரிசலில் நின்றிருப்பீர்கள். அங்கேதான் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுத் தோட்டத்தில் தன் கடைசிக் காலம் வரை வேலை பார்த்தார் ஜானகி அம்மாள். தலச்சேரியில் பிறந்து, நம் ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931இல் டாக்டர் பட்டம் வாங்கி, கோவைக் கரும்பு நிலையத்துக்கு வந்தவர். கரும்பை அதன் புல் குடும்பத்து ஒன்றுவிட்ட உறவுகளோடு, மக்காச்சோளம் உட்பட, கலந்து பார்த்தவர். 1984 பிப்ரவரியில் இறந்தார். நீங்கள் அப்போது சென்னையில் வேலைக்குச் சேர்ந்திருப்பீர்கள். நானும் அப்போது இதே சென்னையில்தான் இருந்தேன். ஒரு தடவை போய்ப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. அதனால் உங்களைத் திட்டும்போது என்னையும் சேர்த்துத்தான் திட்டுகிறேன்.

அது பழைய கதை, இப்போது யார் என்பீர்கள். வடகிழக்குப் பருவமழை வந்தால் நம் தொலைக்காட்சி வேளச்சேரியில் படகு விடும். அதே மழையில் டெல்டாவில் சம்பா முழுகிக் கிடக்கும். முழுகிய நெல் என்ன செய்யும் தெரியுமா? மூச்சுக்காகத் தலையை நீருக்கு மேலே நீட்டப் பார்க்கும். இருக்கும் சத்தையெல்லாம் தண்டை நீட்டுவதிலேயே செலவழித்து, தண்ணீர் வடியும்போது நிற்கத் தெம்பில்லாமல் சாயும். ஒடிசா விவசாயிகளின் பழைய ரகமொன்றிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்ஆர் 13ஏ மட்டும் வேறு மாதிரி. முழுகினால் வளர்ச்சியை நிறுத்திவிட்டு, சத்தைச் சேமித்துக்கொண்டு, சும்மா இருக்கும். தண்ணீர் வடிந்ததும் எழுந்து தூர் கட்டும். சும்மா இருப்பதே சுகம் என்று சித்தர் வழியில் போகும் நெல்! ஆனால் விளைச்சல் குறைவு, அரிசியும் சுமார்.

அந்தக் குணம் எந்த மரபணுவில் இருக்கிறது என்று தேடிப் போனார்கள் டேவிட் மேக்கில், கெனாங் சூ என்ற இருவர். 1996இல் ஒன்பதாவது குரோமோசோமில் இடம் தெரிந்தது. கலிஃபோர்னியாவில் பமீலா ரொனால்டும் சேர்ந்து, சப் 1 என்று பெயரிட்ட அந்த மரபணுவையே கையில் பிடித்தது 2006இல். நடுவில் பத்து வருஷம். பிறகு அதை மரபணு மாற்றம் எதுவும் செய்யாமல், பழைய முறையில் கலந்து கலந்து, விவசாயிக்குப் பழகிய ரகங்களில் ஏற்றினார்கள். ஆந்திராப் பக்கத்து ஸ்வர்ணாவில் ஏற்றியது 2009இல் வயலுக்கு வந்தது. நம் டெல்டாவில் சம்பாவுக்கு நடும் சிஆர் 1009இலும் ஏற்றியாகிவிட்டது. விதை வாங்கப் போன விவசாயி "சிஆர் சப் ஒன்னு இருக்கா?" என்று கேட்கிறார். அந்த ஒன்று எங்கிருந்து வந்தது என்று அவருக்கும் தெரியாது. இரண்டு வாரம் வரை முழுகித் தாங்கும். அதற்கு மேல் நின்றால் எந்த விஞ்ஞானியாலும் காப்பாற்ற முடியாது. வாய்க்கால் தூர்வாராதவர்களின் குற்றத்தை நெல்லின் தலையில் கட்டக் கூடாது.

நாற்றின் வேரை நனைக்கும் அசோஸ்பைரில்லம் பாக்கெட்டும் இப்படித்தான். காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துப் பயிருக்குத் தரும் அந்த நுண்ணுயிரிகளை உலகத்துக்குப் புரியவைத்ததில் பெரிய பங்கு பிரேசிலில் வேலை பார்த்த ஜோஹன்னா டோபரைனர் என்ற அம்மையாருடையது. அவர் வழியில் வந்த மரியாங்கேலா ஹுங்ரியாவுக்குத்தான் 2025ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசு. 1987இல் அந்தப் பரிசு ஆரம்பித்தபோது முதல் ஆளாக வாங்கியவர் உங்கள் சுவாமிநாதன். முடிந்துவிட்டது என்கிறீர்களே, வரிசை இன்னும் நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

எல்லாம் மரபணு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒற்றை நாற்று, இளநாற்று, 25 சென்டிமீட்டர் இடைவெளி, காய்ச்சலும் பாய்ச்சலும் என்று நம் ஊரில் திருந்திய நெல் சாகுபடி நடக்கிறதே, அதைத் தொகுத்தவர் மடகாஸ்கரில் இருந்த பிரெஞ்சுப் பாதிரியார் ஹென்றி தெ லோலானி. ஆய்வுக்கூடம் கிடையாது, பூதக்கண்ணாடி கிடையாது. வயலில் நின்று பார்த்தவர்.

இனி உங்கள் பக்கம் இருக்கும் நியாயம். கொஞ்சம் இருக்கிறது.

2025 மே 4ஆம் தேதி டெல்லியில் மத்திய வேளாண் அமைச்சர் மரபணுத் திருத்திய இரண்டு நெல் ரகங்களை அறிவித்தார். அதில் ஒன்று கமலா, ஐதராபாத் நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் படைப்பு. கதிரில் மணி கட்டுவதற்குக் கடிவாளம் போடும் ஒரு மரபணு நெல்லில் உண்டு. கிரிஸ்பர் என்ற கத்தரியால் அதைக் கொஞ்சம் நறுக்கிவிட்டார்கள்; மணி கூடுதலாகப் பிடிக்கிறது. வெளியிலிருந்து எந்த மரபணுவும் சேர்க்கவில்லை. அதனால் 2022இல் தளர்த்திய விதிப்படி, மரபணு மாற்றுப் பயிருக்கான கெடுபிடி இதற்குக் கிடையாது. விளைச்சல் 19 சதவீதம் கூடுதல், அறுவடை சுமார் 20 நாள் முன்னதாக என்று மேடையில் சொன்னார்கள். கைதட்டினார்கள்.

மன்னார்குடி விவசாயி கைதட்ட மாட்டார். எந்த ஊரில், எந்தப் பட்டத்தில், எத்தனை வயலில், ஒரு மா நிலத்துக்கு எத்தனை மூட்டை என்பார். கத்தரியின் காப்புரிமை வெளிநாட்டில் இருக்கிறதே, நாளைக்கு விதையை நான் எடுத்து வைக்கலாமா கூடாதா என்பார். இவை அறிவியலுக்கு எதிரான கேள்விகள் இல்லை. அறிவியல் கேள்விகளே இவைதான். கேட்கிறவர்களை நவீனத்துக்கு விரோதி என்று முத்திரை குத்துகிற விஞ்ஞானிமேல் எனக்கு உங்களைவிடக் கோபம் அதிகம். 2022இல் வெளியிட்ட கட்டுரையில், அமெரிக்காவில் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்து ஸ்டீபன் லாங் குழுவினர், சோயா இலை வெயிலைப் பயன்படுத்தும் விதத்தை மாற்றி விளைச்சலைக் கூட்டிக் காட்டினார்கள். சோதனையின் இரண்டாம் வருஷம் பயிர் சாய்ந்து, கூடுதல் விளைச்சல் தெரியவில்லை. அதையும் அதே கட்டுரையில் எழுதினார்கள். சாய்ந்ததை எழுதினால்தான் நிமிர்ந்ததை நம்ப முடியும். தரமணியில் சுவாமிநாதன் நிறுவனத்தில் அஜய் பரிடா குழு, பிச்சாவரத்தில் நீங்கள் படகிலிருந்து பார்த்திருக்கக்கூடிய வெண்கண்டல் மரத்தின் உப்புத் தாங்கும் மரபணுக்களை நெல்லுக்குக் கொண்டுபோனது. அருமையான வேலை. வயலுக்கு இன்னும் வரவில்லை. இரண்டையும் ஒரே மூச்சில்தான் சொல்ல வேண்டும்.

போகட்டும், கமலாவின் வம்சாவளியைச் சொல்ல மறந்தேன். அதன் தாய் ரகம் சம்பா மசூரி, பிபிடி 5204. நம் கடைகளில் ஆந்திரா பொன்னி என்று விற்பது. ஆந்திராவில் பாபட்லாவில் மூன்று ரகங்களைக் கலந்து உண்டாக்கியது. ஒன்று தைவான் குட்டை நெல். இரண்டாவது, மேலே சொன்ன மசூரி. மூன்றாவது ஜிஇபி 24.

ஆமாம் சார், கிச்சிலி சம்பா. டெல்லி மேடையில் ஏறிய கத்தரி வெட்டிய கமலா, உங்கள் குக்கரில் விசில் அடிக்கும் கிச்சிலியின் பேத்தி.

பின்குறிப்புக்குப் பதில்: அதில் விஞ்ஞானிக்குப் பங்கில்லை. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பையில் கட்டி லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி. 26 கிலோவுக்கு இல்லை. இந்த ஒரு ரகத்தை மட்டும் கண்டுபிடித்தது அரிசி ஆலைக்காரர்கள்.