தொல்லியல் களங்களை மேலிருந்து படமெடுக்க எந்த ட்ரோன் சரி?

ட்ரோன் என்பது தரையிலிருந்து இயக்கும் ஆளில்லா விமானம். இதில் இரண்டு வகை முக்கியம். நான்கு விசிறிகளோடு ஒரே இடத்தில் நின்று பறப்பது ஒன்று. இறக்கை விரித்து முன்னோக்கிப் பறந்துகொண்டே இருப்பது மற்றொன்று. அகழாய்வுக் குழிகளுக்கு முதல் வகைதான் என் தேர்வு. குழிக்கு நேர்மேலே நிறுத்தி, செங்கல் வரிசை தெரியும் அளவுக்குத் தாழ்வாகப் படமெடுக்கலாம். பல சதுர கிலோமீட்டர் பரப்பை அளக்க இறக்கை வகை நல்லது, ஆனால் இறங்க இடம் வேண்டும்.

விலையை விட, கேமராவுக்குள் ஒளியை விட்டு மூடும் ஷட்டரைப் பாருங்கள். சாதாரண கேமரா படத்தை வரிவரியாகப் பதிவு செய்யும். ஓடும் ரயிலிலிருந்து போனில் எடுத்தால் மின்கம்பம் சாய்ந்து தெரியுமே, அதே கோளாறுதான் இங்கும். முப்பரிமாண மாதிரி செய்ய, முக்கால் பங்கு ஒன்றன்மேல் ஒன்று படியும் நூற்றுக்கணக்கான படங்களைக் கணினி இணைக்கிறது. அவை சாய்ந்திருந்தால் அளவுகள் பிசகும். அதனால் முழுப் படத்தையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பதிவு செய்யும் மெக்கானிக்கல் ஷட்டர் உள்ளதை வாங்குங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு படத்துக்கும் நிறுத்தி எடுங்கள்.

இந்தியாவில் 250 கிராமுக்கு மேல் எடை என்றால் பதிவு கட்டாயம். பாதுகாக்கப்பட்ட சின்னங்களுக்குத் தொல்லியல் துறையின் அனுமதியும் வாங்க வேண்டும்.

ட்ரோன் கேமரா மண்ணுக்குள் ஊடுருவிப் பார்க்கும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை, 2018 வறட்சியில் அயர்லாந்தின் நியூகிரேஞ்ச் என்ற பழங்காலக் கல்லறை அருகே புதைந்த வட்ட வடிவத் தொல்லியல் அமைப்பு ட்ரோனில் தெரிந்தது, பழைய குழிகளில் தங்கிய ஈரத்தால் அங்கே மட்டும் பயிர் பசுமையாக நின்றதால்தான்.